பேபி பெகியையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹாலிவுட் மௌனப்படக் காலத்துக் குழந்தை நட்சத்திரங்கள் என்றாலே பேச்சு சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நடித்த சிறுவன் ஜாக்கி கூகனோடு நின்றுவிடுகிறது. பேபி பெகியை யாரும் சொல்வதில்லை, மனசு கேட்கவில்லை.

ஒன்றரை வயதிலேயே படப்பிடிப்புக்குப் போன குழந்தை. அப்பா விரலைச் சொடுக்கி 'அழு' என்றால் அழ வேண்டும், 'சிரி' என்றால் சிரிக்க வேண்டும். ஒரு படத்துக்காக நிஜமாகவே எரிகிற அறைக்குள் விட்டார்கள். கதவு தீப்பிடித்துக்கொள்ள, ஜன்னல் வழியாகத் தப்பி வந்தது. நாலைந்து வயதுதான் இருக்கும்.

1925இல் அப்பா தயாரிப்பாளரோடு சம்பளத் தகராறு செய்ததும் வாய்ப்புகள் போயின, சம்பாதித்ததும் கரைந்தது. அப்புறம் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் துணை நடிகை வேலை. கூகன் தான் சம்பாதித்த பணத்தைக் கேட்டு 1938இல் பெற்ற தாய் மேலேயே வழக்குப் போட்டு, மறு வருடம் கலிஃபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் வந்தபோது, பெகிக்குக் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை.

பின்னாளில் டயானா செர்ரா கேரி என்ற பெயரில் புத்தகங்கள் எழுதினார். 2020இல், 101 வயதில் காலமானார். அவருடைய குறும்படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. உங்கள் சினிமா பக்கத்தில் அவருக்காக ஒரு முழுக் கட்டுரை போடுங்கள், ஐயா.

- ஒரு வாசகி