தோற்றவருக்கு இன்னும் வேலை இருக்கிறது

குயின்ஸ், நியூயார்க்
1 மே 2016

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று தம்பி சொன்னான். மத்தியானத்தில் தயவுசெய்து வெளியே போகாதீர்கள். இங்கே இப்போதுதான் குளிர் விட்டிருக்கிறது. கனமான கோட்டை உள்ளே வைத்துவிட்டேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை வழக்கம் போல ஓடுகிறது. இந்த வாரம் பகல் ஷிப்ட்.

போன வாரம் போனில் கேட்டீர்கள்: "அந்தப் பெரியவர் பெர்னி சாண்டர்ஸ்தான் நியூயார்க்கில் தோற்றுவிட்டாரே, அப்புறம் ஏன் இன்னும் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார்? கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளக் கூடாதா?" லைன் விட்டு விட்டு வந்ததில் பதில் சொல்ல முடியவில்லை. இன்று லீவு, அதனால் எழுதுகிறேன்.

நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவித்துவிடும். இங்கே ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதற்கே கட்சிக்குள் மாநிலம் மாநிலமாக ஓட்டெடுப்பு. பிப்ரவரியில் அயோவாவில் ஆரம்பித்து ஜூன் வரை நடக்கும். கிடைத்த ஓட்டுக்கு ஏற்றபடி பிரதிநிதிகள் ஒதுக்கப்படுவார்கள். ஜூலையில் பிலடெல்பியாவில், சாண்டர்ஸும் ஹிலாரி கிளின்டனும் போட்டியிடும் ஜனநாயகக் கட்சியின் மாநாடு. அங்கே 2,383 பேருடைய ஆதரவு இருந்தால் வேட்பாளர்.

ஏப்ரல் 19-ல் இங்கே ஹிலாரிக்கு 58 சதவீதம், பெர்னி சாண்டர்ஸுக்கு 42. நம் ஊர்க் கணக்கில் ஒரு தொகுதியில் இப்படித் தோற்றால் அத்தோடு சரி. இங்கே அப்படி இல்லை. நியூயார்க்கின் 247 பிரதிநிதிகளில் 139 பேர் ஹிலாரிக்கு, 108 பேர் சாண்டர்ஸுக்கு. அந்த 108 பேரும் மாநாட்டுக்குப் போவார்கள், கை தூக்குவார்கள், கட்சியின் கொள்கை அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்று வாதாடுவார்கள். பாதியில் விலகினால், இன்னும் ஓட்டுப் போடாத மாநிலங்களில் அவரை நம்பும் மக்களுக்காகப் பேச அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜெயிப்பார் என்று நான் நினைக்கவில்லை அப்பா. போன செவ்வாய்க்கிழமை ஐந்து மாநிலங்களில் நான்கில் தோற்றார், ரோட் ஐலண்ட் மட்டும்தான் கிடைத்தது. மறுநாளே பிரச்சார ஊழியர்கள் நூற்றுக்கணக்கானவர்களைக் குறைப்பதாகச் செய்தி வந்தது. கணக்கு அவருக்கும் தெரியும். ஆனாலும் கலிபோர்னியா ஓட்டுப் போடும் ஜூன் 7 வரைக்கும், அதற்கு அடுத்த வாரம் வாஷிங்டன் நகரம் வரைக்கும் அவர் நிற்க வேண்டும். இவர் விலகவில்லையே என்று குறைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: 2008-ல் ஒபாமாவிடம் பின்தங்கியிருந்த ஹிலாரியும் ஜூன் வரை விலகவில்லை. பிறகு விலகியபோது முழு மனதோடு ஒபாமாவுக்கு வேலை செய்தார். இரண்டுமே சரிதான்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். என்னோடு வேலை செய்யும் உதவியாளர் ஒருத்தி ஈக்வடாரிலிருந்து வந்தவள். நடக்க முடியாத பெரியவர்களைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிவிட்டு, மாலையில் இன்னொரு வேலைக்கு ஓடுவாள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியேதான் அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு. இந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-லிருந்து அது ஏறவே இல்லை. ஹிலாரி அதை 12 ஆக்கலாம் என்கிறார், சாண்டர்ஸ் 15 என்கிறார். 2012-ல் இந்த ஊர் பர்கர் கடைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் வந்து கேட்ட தொகை அது. நியூயார்க் மாநிலம் போன மாதம் அதைப் படிப்படியாகக் கொடுக்கச் சட்டம் போட்டுவிட்டது. நாடு முழுவதற்கும் 15 என்று கட்சி அறிக்கையில் எழுத வைப்பது சாண்டர்ஸின் கையில் இருக்கும் பிரதிநிதிகளால் முடியும். தோற்றவர் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான் என்பேன்.

அப்புறம் விதிகள். எனக்கு கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை. கீழ் வீட்டு வங்காளதேசக் குடும்பத்தின் பெண்ணுக்கு உண்டு, கல்லூரியில் படிக்கிறாள். ஓட்டெடுப்பு நாளன்று காலை ஆறு மணிக்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாக்காளராகப் பதிந்தபோது எந்தக் கட்சியையும் குறிப்பிடாமல் விட்டிருந்ததால் பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். ஒரு சீட்டைக் கொடுத்து, கவரில் போட்டுக் கையெழுத்திடச் சொன்னார்கள். அது எண்ணப்படாது என்று பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இங்கே கட்சி சேர வேண்டியவர்கள் முந்தைய அக்டோபர் 9-க்குள் சேர்ந்திருக்க வேண்டுமாம், ஆறு மாதத்துக்கும் முன்பு! ப்ரூக்ளினில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டிருந்தன. சமையலறையில் நின்றுகொண்டு, "ஆன்ட்டி, அவர் கட்சியை விட்டு வந்து நவம்பர் ஜனாதிபதி தேர்தலில் தனியாக நிற்கட்டும்" என்று அந்தப் பெண் குமுறினாள்.

கோபம் நியாயமானது. ஆனால் தனியாக நிற்கக் கூடாது. 2000-ல் ரால்ப் நேடர் தனிக் கட்சியில் நின்று புளோரிடாவில் 97,000-க்கு மேல் ஓட்டு வாங்கினார். எதிர்க்கட்சியின் புஷ் அங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளரை ஜெயித்தது 537 ஓட்டில். அந்த 537-தான் நாட்டின் ஜனாதிபதியை முடிவு செய்தது. இந்தத் தடவை எதிரில் ட்ரம்ப் நிற்பார் போலிருக்கிறது. என்னைப் போல வந்து குடியேறியவர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை.

விதியை மாற்ற வேறு வழி உண்டு. 1988-ல் ஜெஸ்ஸி ஜாக்சன் என்ற கறுப்பினப் பாதிரியார் இதே கட்சியில் போட்டியிட்டு ஏறக்குறைய 70 லட்சம் ஓட்டு வாங்கித் தோற்றார். சாண்டர்ஸ் அப்போது பர்லிங்டன் மேயர், ஜாக்சனை ஆதரித்தவர். தோற்ற ஜாக்சன் மாநாட்டுக்குப் போய், ஓட்டுக்கு ஏற்றபடிதான் எல்லா மாநிலத்திலும் பிரதிநிதிகளை ஒதுக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தார். 20 வருஷம் கழித்து ஒபாமா ஜெயிக்க அந்த விதி பெரிய துணையாக இருந்தது. இன்று சாண்டர்ஸுக்கு 108 பேர் கிடைத்ததும் அதனால்தான். அதே மாதிரி இவரும் பிலடெல்பியாவில் சூப்பர் டெலிகேட் முறையைத் தளர்த்தக் கேட்க வேண்டும். யார் ஓட்டுக்கும் கட்டுப்படாத கட்சிப் பெரியவர்கள் 700-க்கு மேல் இருப்பது அநியாயம்.

ஒரு விஷயத்தில் எனக்கு அவர் மேல் வருத்தம். ஏப்ரல் ஆரம்பத்தில் ஹிலாரிக்குத் தகுதியே இல்லை என்கிற மாதிரி பேசினார். சில நாளில் அதிலிருந்து இறங்கி வந்தாலும், அந்தப் பேச்சு வந்திருக்கக் கூடாது. ஹிலாரி பாங்குகளிடம் வாங்கிய பணத்தைப் பற்றிக் கேட்கட்டும், ஈராக் போருக்குப் போட்ட ஓட்டைப் பற்றிக் கேட்கட்டும், ஆளைத் தாழ்த்த வேண்டாம். ஜூலையில் இருவரும் ஒரே மேடையில் நிற்க வேண்டியவர்கள். 1980-ல் இதே கட்சிக்குள் டெட் கென்னடி ஜனாதிபதி கார்ட்டரிடம் தோற்ற பிறகு இந்த நியூயார்க்கில்தான் மாநாடு நடந்தது. அருமையாகப் பேசினார், ஆனால் கடைசியில் மேடையில் பட்டும் படாமலும் நின்றார். நவம்பரில் எதிர்க்கட்சியின் ரீகன் ஜெயித்தார். அதற்குக் காரணங்கள் பல, இருந்தாலும் அந்தப் பாராமுகம் கட்சிக்கு நல்லது செய்யவில்லை.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது சாண்டர்ஸின் பழைய கதை. 1970-களில் வெர்மான்டில் சின்னக் கட்சி ஒன்றின் சார்பில் செனட்டுக்கும் கவர்னர் பதவிக்கும் நான்கு தடவை நின்று நான்கிலும் தோற்றவர் அவர். அதிகபட்சம் ஆறு சதவீதம்தான். பிறகு 1981-ல் பர்லிங்டன் என்ற சின்ன ஊரின் மேயர் பதவிக்கு நின்று பத்தே ஓட்டில் ஜெயித்தார். அங்கிருந்துதான் 1990-ல் நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை, 2006-ல் மேல்சபையான செனட். தன்னை நம்பி வந்த லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அவர் இதைத்தான் சொல்ல வேண்டும்: வார்டுக்கு நில்லுங்கள், பள்ளிக்கூடக் குழுவுக்கு நில்லுங்கள், நகரசபைக்கு நில்லுங்கள். அடுத்த வருஷம் நியூயார்க் நகரசபைத் தேர்தல் வருகிறது. அவள் கட்சிப் பதிவுப் படிவத்தை வாங்கி வந்துவிட்டாள். நானும் அடுத்த வருஷம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கான பாரத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மாவின் கண்ணாடிக்குப் பணம் வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். 16-ம் தேதி நீங்கள் ஓட்டுப் போடப் போகும்போது காலையிலேயே போய்விடுங்கள், வரிசையில் நிழல் இருக்காது. கலிபோர்னியா முடிவு வந்ததும் மறுபடி எழுதுகிறேன்.

உங்கள் அன்பு மகள்