சமைக்காத உணவும் மேசைக்கடியில் இருக்கும் பெட்டியும்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

இயற்கை உணவு முகாம் நடத்தும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

நானும் சமைக்காத உணவை விரும்பிச் சாப்பிடுகிறவள்தான். காலைப் பசியாறலுக்குப் பப்பாளி, கொய்யா, தேங்காய்த் துருவல் போதும். மத்தியானம் சோறும் குழம்பும் உண்டு. சமைக்காமல் சாப்பிட்டால் உடம்பு தேறும், நோய் தீரும் என்று நீங்கள் சொல்வதில் பாதியை நான் மனதார நம்புகிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்த மடல்.

உங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்களைப் பாருங்கள். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை அறுத்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்கள் ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அந்தப் பயத்தோடுதான் வந்து உட்காருகிறார்கள். முதலில் கீரை, பழம் பற்றி அழகாகப் பேசுகிறீர்கள். அப்புறம் மேசைக்கடியில் இருக்கும் பெட்டி மேலே வருகிறது. கோதுமைப்புல் பொடி, என்சைம் புட்டி, சாறு பிழியும் இயந்திரம். இயந்திரம் மட்டும் ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல். இங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளி. அடுப்பே வேண்டாம் என்கிற உணவுமுறைக்கு இவ்வளவு செலவு எங்கிருந்து வந்தது? வல்லாரை, உலாம் ராஜா, முந்திரிக் கொழுந்து போன்ற பச்சிலைகள் எல்லாம் நம் பாசாரில் (சந்தையில்) கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. மலாய்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்பலோடு பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். அதை விற்கும் மாக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, என்னிடம் ஒருநாளும் நோய் தீரும் என்று சொன்னதில்லை.

என் சின்னம்மா ஒரு முகாமுக்குப் போய்வந்து இன்சுலினை நிறுத்திவிட்டார். கடைசியில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் போய்ச் சேர்ந்தார். முகாம் நடத்தியவர்களைக் கேட்டதற்கு, "நாங்கள் நிறுத்தச் சொல்லவே இல்லையே" என்றார்கள். உண்மைதான், சொல்லவில்லை. மேடையில் ஒருவர் "நான் ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டேன்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நோயாளிக்கு அதற்கு மேல் யார் சொல்ல வேண்டும்? அப்படிப் பேசியவர் அந்தப் பொடியின் விற்பனை முகவர் என்பது சின்னம்மாவுக்கு அன்றைக்குத் தெரியாது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சோற்றைக் குறைத்துக் காய்கறி சாப்பிட்டால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். அப்போது மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியும் வரலாம். குறைக்காமல் விட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். எவ்வளவு குறைப்பது என்பதை ரத்தத்தைச் சோதித்து டாக்டர் சொல்ல வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் அதற்கு ஒரு வெள்ளிதான். சிறுநீரகம் பழுதாகி ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களுக்கோ பச்சைச் சாறே ஆபத்து. அதில் உள்ள பொட்டாசியத்தை அவர்கள் உடலால் வெளியேற்ற முடியாது, இதயத்துடிப்பே தடுமாறும். அவர்களைக் காய்கறியை வேகவைத்து நீரை வடித்துவிட்டுத்தான் சாப்பிடச் சொல்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே சாற்றைக் குவளையில் ஊற்றிக் கொடுக்கும்போது யாருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று கேட்கிறீர்களா?

சூடுபட்டால் செரிமானத்துக்கு உதவும் என்சைம் (நொதி) அழிந்து உணவு செத்துவிடும் என்கிறீர்கள். உணவிலுள்ள என்சைம் பெரும்பாலும் வயிற்று அமிலத்திலேயே சிதைந்துவிடுகிறது. செரிமானத்துக்கு வேண்டியதை உடல் தானே சுரக்கிறது. தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் என்ற சத்து சமைத்த பிறகுதான் உடலில் நன்றாகச் சேர்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நம் தாத்தா பாட்டிகள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தார்கள். அதை அவித்துத்தான் தின்றார்கள், பச்சையாகத் தின்றால் சயனைடு. 2011ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தில் இருந்த கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நாட்டில் சமைக்காத உணவையே நெடுநாள் சாப்பிட்டவர்களை ஆராய்ந்து 1999ல் வெளியிட்டார்கள். 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுவதுமோ நின்றிருந்தது. இதையெல்லாம் உங்கள் மேடையில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

காந்தியும் 1929ல் சபர்மதி ஆசிரமத்தில் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்தார். ஆர்வத்தோடு எழுதினார், மற்றவர்களையும் அழைத்தார். சில மாதங்களில் வயிற்றுக்கடுப்பு வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. அதையும் தன் பத்திரிகையிலேயே எழுதினார். அவரிடம் விற்க எதுவும் இல்லை. கோதுமைப்புல் சாற்றைப் பிரபலமாக்கிய அமெரிக்கப் பெண்மணி ஆன் விக்மோர், தன் முறையால் இன்சுலின் தேவை குறையும், இல்லாமலே போகும் என்றார். 1982ல் அங்குள்ள மசசூசெட்ஸ் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் அவர் மேல் வழக்குத் தொடுத்தார், அந்தப் பேச்சை விக்மோர் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதே பேச்சுத்தான் இன்று பொடியோடு சேர்ந்து நம் ஊர் மண்டபத்துக்கு வருகிறது. இனிப்புநீரையும் புற்றுநோயையும் தீர்க்கும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது.

விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மண்டப வாடகை, பயணம், அச்சு எல்லாம் செலவுதான். ஆனால் சாட்சி சொல்ல மேடை ஏறுகிறவர், எந்தப் பொருளில் தனக்கு எவ்வளவு கமிஷன் என்பதை முதலில் சொல்லட்டும். உங்கள் முறையை விட்டுவிட்டவர்களையும் பேச அழையுங்கள். நீங்களே வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், யாரும் உங்களை மட்டமாக நினைக்கப் போவதில்லை. அடுத்த முகாமின் அறிவிப்புத் தாளில் பொருள்களின் விலையையும், "டாக்டரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள்" என்ற வரியையும் பெரிய எழுத்தில் போடுங்கள். அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.