கலவை என்றே எழுது, பிள்ளை

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகளுக்கு,

விற்பதற்கு மெழுகுதிரி செய்ய என்று நீ தெரிந்தெடுத்து, சோதித்துப் பார்க்கக் கொடுத்தனுப்பிய தேங்காய் மெழுகு வந்து இன்றோடு இருபத்தாறு நாள். என்ன முடிவு என்று இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டுவிட்டாய். ஊற்றிய மெழுகுதிரியை இரண்டு கிழமை வைத்திருந்த பிறகே கொளுத்த வேண்டும் என்று நீதான் எழுதியிருந்தாய். ஒன்றை மட்டும் அவசரப்பட்டு மூன்றாம் நாள் கொளுத்தினேன். மற்ற இரண்டையும் காக்கவைத்தேன். இன்று சொல்வதற்கு விடயம் இருக்கிறது. தொலைபேசியில் சொன்னால் பாதியில் "சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

கனடாவில் உன் ஸ்காபரோ வீட்டில் கல்லுப்போல இருந்தது என்று நீ சொன்ன மெழுகு இங்கே பெட்டியைத் திறந்தபோது விரல் வைத்த இடத்தில் பள்ளம் விழுந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நுவரெலியாவில் அத்தை வீட்டுப் போத்தலில் உறைந்து கிடக்கும் தேங்காயெண்ணெய் இப்படித்தான் இருக்கும் என்றாள். அவள் கண் பிழைக்காது. தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் உருகிவிடும். கொழும்பில் அது உறைந்து நான் கண்டதில்லை. அதைக் கட்டியாக்க ஐதரசன் வாயுவை ஏற்றுவார்கள். உயர்தர வகுப்பில் உனக்குச் சொல்லித் தந்தது நினைவிருக்கும்: நிக்கல் ஊக்கி, நிரம்பாத கொழுப்பமிலம் நிரம்பியதாக மாறும், உருகுநிலை ஏறும். ஆனால் தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு இயல்பிலேயே நிரம்பியது. ஐதரசன் போய் உட்கார அங்கே இடம் கொஞ்சம்தான். அதிலும் பாதியளவு இலோரிக் அமிலம், பன்னிரண்டு காபன் மட்டுமே உள்ள குட்டைச் சங்கிலி. சங்கிலி குட்டையானால் இலகுவில் உருகும். ஆகவே எவ்வளவு முயன்றாலும் உருகுநிலை 35 பாகையை ஒட்டியே நின்றுவிடும். சித்திரை மாதத்து மத்தியானத்தில் நம் வீட்டுக் கூடத்தின் சூடு 32. இதற்குள் தனித் தேங்காய் மெழுகு எப்படி நிமிர்ந்து நிற்கும்? அதற்குத் தோள் கொடுக்க இன்னொன்று வேண்டும். சோயா மெழுகு, தேன்மெழுகு, பரபின் என்று ஒவ்வொரு உற்பத்தியாளரும் ஒவ்வொன்றைச் சேர்க்கிறார்கள். உன் பெட்டியின் மேல் இருப்பதும் 'பிரீமியம் தேங்காய் மெழுகுக் கலவை' என்றுதான். 'கலவை' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள். பிறகு அதற்கு வருகிறேன்.

மூன்று போத்தல்களில் செய்தேன். மூன்றும் ஜாம் போத்தல், உள்விட்டம் ஏழு சென்ரிமீற்றர், ஒவ்வொன்றிலும் இருநூறு கிராம். பெரிய சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, எவர்சில்வர் செம்பை அதற்குள் இறக்கி உருக்கினேன். நேரடி நெருப்பில் வைக்கவில்லை. பாதுகாப்புக்கு என்று அம்மா ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தாள். அதை எடுத்துவிட்டுச் சட்டி மூடியை வைக்கச் சொன்னேன். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதித்துச் சிதறித் தீயைப் பரப்பும். உன் வீட்டிலும் மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொள், பிள்ளை.

ஜாம் போத்தலை ஏன் எடுத்தேன் என்று நீ கேட்கமாட்டாய். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் உனக்கு 'அ' எழுதப் பழக்கியது ஜாம் போத்தல் விளக்கின் கீழேதான். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவில் கம்பியில் நிறுத்திய திரி. காற்றுக்கு அணையாது, மண்ணெண்ணெயும் மிச்சம். 1995 ஒக்டோபரில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடும்வரை என் மாணவர்களின் விடைத்தாள்களையும் அந்த வெளிச்சத்திலேயே திருத்தினேன். இந்த முறை மெழுகை ஊற்றிவிட்டுத் திரியை நடுவில் நிறுத்தும்போது கைக்கு அந்த வேலை நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

முதல் போத்தலை நீ எழுதித் தந்தபடியே செய்தேன். நூற்றுக்கு எட்டு பங்கு வாசனை, அதாவது பதினாறு கிராம். நீ அனுப்பிய வனிலாவை வைத்துவிட்டு, புறக்கோட்டை கபோஸ் லேனில் வாங்கிய கறுவா இலை எண்ணெயைச் சேர்த்தேன். மறுநாள் காலையில் மேற்பரப்பைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பீங்கான் கோப்பையின் வழுவழுப்பு. கண்ணாடியோடு முழுக்க ஒட்டியிருந்தது. சுருங்கி விலகிய திட்டு ஒன்றும் இல்லை. கடையில் வாங்கும் சாதாரண மெழுகில் இப்படியொரு அழகு வராது. அந்த வகையில் உன் தெரிவு நல்ல தெரிவு.

ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு அதே மேற்பரப்பு வியர்த்தது. சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள். சூட்டில் இளகிய மெழுகால் அவ்வளவு எண்ணெயையும் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. கொளுத்தியபோது இன்னொரு குறை தெரிந்தது. நீ அனுப்பிய மூன்று அளவில் தடித்த திரியைப் போட்டிருந்தேன். நாலு மணி நேரத்தில் இருபத்தெட்டு கிராம் தின்றுவிட்டது. திரியின் நுனியில் காளான் மாதிரிக் கரி கட்டியது, போத்தல் வாய் கறுத்தது, தொட முடியாத சூடு. உங்கள் நாட்டுக் குளிரில் மெழுகை உருக்கச் சுடர் கூடுதலாக உழைக்க வேண்டும். இங்கே வெயில் அந்த வேலையில் ஒரு பங்கை முன்பே செய்துவிடுகிறது. அதே போத்தலை அடிவரை எரியவிட்டுப் பார்த்தேன். கடைசியில் 'டிக்' என்ற சத்தத்தோடு கண்ணாடி வெடித்தது. பீங்கான் தட்டில் வைத்திருந்ததாலும் நான் எதிரிலேயே இருந்ததாலும் சேதம் இல்லை. அடியில் ஒரு சென்ரிமீற்றர் மெழுகு இருக்கும்போதே அணைக்க வேண்டும் என்பதை உன் லேபிளில் பெரிய எழுத்தில் போடு.

வாசனை பற்றி அம்மாவின் தீர்ப்பு: "இது கறுவா இல்லை, கராம்பு." இந்த இரண்டு எண்ணெயின் மணத்துக்கும் காரணம் ஒன்றுதான். கறுவா இலை எண்ணெயில் பெரும்பங்கு இயூஜினோல் என்ற வாசனைப் பொருள், கராம்பெண்ணெயிலும் அதுவே. நீ மனத்தில் வைத்திருக்கும் கறுவா மணம் பட்டை எண்ணெயிலிருந்து வருவது, அதன் விலையும் பல மடங்கு. இலை எண்ணெயைச் சேர்த்துவிட்டுப் பட்டையின் படத்தை லேபிளில் போடாதே.

இரண்டாவது போத்தலில் வாசனையைப் பாதியாகக் குறைத்து, நீ அனுப்பிய மூன்று அளவில் மிக மெல்லிய திரியைப் போட்டேன். மூன்றாவதிலும் அப்படியே, கூடவே இருநூறு கிராமில் இருபது கிராமைத் தேன்மெழுகாக மாற்றினேன். தேன்மெழுகின் உருகுநிலை 62 பாகைக்கு மேல். அந்தச் சிறு பங்கே போதுமாக இருந்தது. மத்தியான வெயிலில் இரண்டாவது இலேசாகப் பளபளத்தது, மூன்றாவது அசையவில்லை. நிறம் கொஞ்சம் மஞ்சள், தேன்கூட்டின் மணமும் மெலிதாக வருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. முதல் தடவை விளிம்புவரை உருக இரண்டரை மணி நேரம் எடுத்தது. அதற்கு முன் அணைத்தால் நடுவில் கிணறு விழும், பிறகு ஒவ்வொரு முறையும் அந்தக் கிணற்றுக்குள்ளேயே எரியும். மின்விசிறியையும் நிறுத்த வேண்டியிருந்தது. கடற்காற்றுக்கு ஜன்னலைத் திறந்தால் சுடர் சாய்ந்து ஒரு பக்கம் புகை படிந்தது. நாலு இரவும் ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, வேர்த்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். கொழும்பில் விற்பதாக உன் தோழி சொன்னால், எங்கள் வீடுகளில் விசிறி நிற்பதே இல்லை என்பதை அவருக்கு நினைவூட்டு.

இன்னொன்றும் நடந்தது. அம்மா செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவது உனக்குத் தெரியும். மகளுடைய மெழுகில் ஒரு திரி செய்து அங்கே கொளுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மீந்த கலவையை ஒரு குழாயில் ஊற்றி நீளமாக எடுத்துக் கொடுத்தேன். கொழும்பின் பெருந்தெருவான காலி வீதியின் நெரிசலில் முச்சக்கரவண்டி கொம்பனித்தெருவைத் தாண்டுவதற்குள் அது வில்லாக வளைந்துவிட்டது. கோயில் வாசலில் சாதாரண மெழுகுதிரி ஒன்றை வாங்கித்தான் அவள் கொளுத்தினாள். வளைந்ததை எறிய மனமில்லாமல் திரும்பக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். இந்தக் கலவை பாத்திரத்துக்குள் இருக்க வேண்டியது. தனியாக நிற்கும் திரிக்கு இது ஆகாது. யார் கேட்டாலும் செய்து கொடுக்க ஒப்புக்கொள்ளாதே.

இனி நீ எழுதி அனுப்பிய லேபிள். மூன்று வரிகளைச் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறேன். கோபப்படாமல் கேள்.

'நூறு வீதம் தூய தேங்காய் மெழுகு' என்று எழுதியிருக்கிறாய். அது உண்மை இல்லை. உனக்கு விற்றவர்களே கலவை என்கிறார்கள். எது எவ்வளவு என்று பெட்டியில் சொல்லவும் இல்லை. உனக்கே தெரியாத விகிதத்துக்கு நீ எப்படி உத்தரவாதம் கொடுப்பாய்? கலவை என்பது வெட்கப்படும் சொல் இல்லை, பிள்ளை. இலண்டனில் பிரைஸ் என்ற மெழுகுதிரிக் கம்பெனி 1830இல் தொடங்கியது. அதற்காக நம் இலங்கையில் ஆயிரம் ஏக்கர் தென்னந்தோட்டம் வாங்கியவர்கள் அவர்கள். 1840இல் விக்டோரியா இராணியின் திருமணத்தை ஒட்டி, மிருகக் கொழுப்பையும் தேங்காயெண்ணெயையும் சுத்திகரித்துக் கலந்து ஒரு மலிவான மெழுகுதிரி செய்தார்கள். அதற்கு 'கொம்பொசிற்' என்றே பெயர் வைத்தார்கள். கூட்டுக் கலவை என்பதுதான் அதன் பொருள். நம் தேங்காய் மெழுகுதிரிக்குள் ஏறத்தாழ இருநூறு வருடமாகக் கலவையாக வெளிச்சம் கொடுத்து வருகிறது. நீயும் அந்தப் பெயரையே சொல்.

'பரபின் நஞ்சு' என்ற வரி. அதை எடுத்துவிடு. பரபின் பெற்றோலியத்திலிருந்து வருவது, தேங்காய் மரத்திலிருந்து மறுபடி மறுபடி கிடைப்பது. இதை எழுத உனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் எந்த மெழுகும் தடித்த திரியோடு, காற்றில் எரிந்தால் புகைக்கும். உன்னுடையது என் கண் முன்னால் புகைத்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் வெட்டியபோது, இந்தக் கட்டடம் முழுவதும் பெட்டிக்கடைப் பரபின் மெழுகுதிரியின் வெளிச்சத்தில்தான் சமைத்துச் சாப்பிட்டது. கீழ்வீட்டுப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். அதை நஞ்சு என்று சொல்லி உன் பொருளை விற்க வேண்டிய தேவை உனக்கு இல்லை.

'அறுபது மணி நேரம் எரியும்' என்பது மூன்றாவது. மெல்லிய திரி போட்ட போத்தலை ஒவ்வொரு முறையும் எரியுமுன்னும் அணைத்த பின்னும் நிறுத்துப் பார்த்தேன். நாலு மணி நேரத்துக்குப் பத்தொன்பது கிராம். அடியில் விடவேண்டியதைக் கழித்தால் முப்பத்தைந்து மணி நேரம் சொல்லலாம். இது இங்கத்தைய கணக்கு. உன் வீட்டுக் குளிரில் நீயே நிறுத்துப் பார்த்து, வரும் எண்ணை எழுது. அங்கே இந்த மெல்லிய திரி போதாமலும் போகலாம்.

வங்கி வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன் என்று நீ சொன்ன அன்று நான் அதிகம் பேசவில்லை. அந்த மௌனத்தை நீ மறுப்பு என்று எடுத்திருப்பாய் என்று அம்மா சொல்கிறாள். எனக்கு அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். இந்த இருபத்தாறு நாளில் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். கவனமும் பொறுமையும் கேட்கும் வேலை. உனக்கு இரண்டும் உண்டு. செய்.

அடுத்து யாராவது வந்தால் மெல்லிய திரியில் ஒரு கட்டு கொடுத்துவிடு, வனிலா வேண்டாம். தேன்மெழுகை நூற்றுக்கு ஐந்தாகக் குறைத்தாலும் நிற்குமா என்று பார்க்க வேண்டும். நாலாவது போத்தலை அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஊற்றுகிறேன்.

அன்புடன்,
அப்பா