சுமதியின் குழந்தைக்கு வேண்டாம்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். ராகவன் மாமா இன்னும் அந்தக் குடையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் பதறிவிட்டேன். ஆன்டிபயாடிக்கால் வயிறு கெடாமலிருக்க என் சின்னவளுக்குக் கொடுத்த புரோபயாடிக்கையே, அதுதான் குடலுக்கு நல்லது செய்யும் கிருமி மருந்தையே, சுமதியின் குழந்தைக்கும் கொடுக்கச் சொல்லப் போகிறாயாமே? உடனே சுமதியைப் போனில் பிடித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று உனக்கும் தெரிய வேண்டும். அவசரத்தில் பாதியை மட்டும் எழுதியது என் தவறு.

சென்ற வருடம் சின்னவளுக்குக் காதில் சீழ் வைத்து அமாக்சிசிலின் கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள் அல்லவா? மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு. குழந்தை துவண்டு போனதைப் பார்த்து, யாரையும் கேட்காமல் மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். காதுவலி திரும்பி வந்தது. அந்த இரவுகளை நான் மறக்கவே மாட்டேன். ஆன்டிபயாடிக்குக்கு நல்லது கெட்டது தெரியாது. காதில் இருக்கும் கிருமியோடு, குடலில் காவல் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே அழித்துவிடுகிறது.

இந்த முறை மறுபடியும் ஆன்டிபயாடிக் கொடுத்தபோது, டாக்டரைக் கேட்டு முதல் நாளிலிருந்தே புரோபயாடிக் கொடுத்தேன். 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழுவினர் 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள்! புரோபயாடிக் எடுக்காதவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு வயிற்றுப்போக்கு. எடுத்தவர்களில் 8 பேருக்குத்தான். ஆனால் பெயர் ஒன்று என்பதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. நன்கு பரிசோதிக்கப்பட்டவை லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி, சாக்கரோமைசிஸ் பௌலார்டி இரண்டும்தான். அளவும் முக்கியம்: நாளைக்கு 500 கோடி உயிரணுக்களுக்குக் குறையாமல் இருந்தால் பலன் தெளிவாகத் தெரிகிறது. பௌலார்டி ஓர் ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. சின்னவளுக்குக் கொடுத்தது பாக்டீரியா வகை. அதனால் இரண்டு மருந்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டேன். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நம் கணக்கு டீச்சர் மாதிரி! ஒரு நாள்கூட வயிறு கெடவில்லை. மருந்தை முழுதும் முடித்தாள். அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்கு அப்படி எழுதினேன்.

இப்போது கவனமாகக் கேள். சின்னவள் ஆறு வயது, ஓடியாடும் பிள்ளை. சுமதியின் குழந்தை குறைமாதத்தில் பிறந்து, இன்னும் மருத்துவமனையில் குழாய்களோடு கிடக்கிறான். புரோபயாடிக் என்பது உயிருள்ள கிருமி, வசந்தி. திடமான குடலில் அது விருந்தாளி. பலவீனமான உடம்பில் ரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால் அதுவே நோய். அப்படி ஒரு குறைமாதக் குழந்தை இறந்த பிறகு, 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருத்துவர்களை எச்சரித்தது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகப்பட்டவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அவனைப் பார்க்கும் டாக்டர்களே சொல்லாமல் ஒரு சொட்டுகூட வாயில் விடக் கூடாது.

உன் பெரியவனுக்கு வேண்டுமானால் டாக்டரைக் கேட்டுக் கொடு. அப்படியும் வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலை விட்டுவிடாதே. மலத்தில் ரத்தம் தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதே.

சுமதி போனில் அழுதாள். அருகில் இருப்பவள் நீதான். இன்று மாலையே போய்ப் பார். குழந்தையின் எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கேட்டு எழுது.

அன்புடன்,
கலா