பின்பக்கக் கம்பி

அன்புள்ள கயலுக்கு,

உன் படங்கள் வந்து சேர்ந்தன. ஆறேழு படம், அடியில் ஒரே ஒரு வரி: "அப்பா, பின்னால் 22 போடவா, 24 போடவா?" நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. சரி, நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். ஃபோனிலேயே சொல்லியிருப்பேன், நீ எடுத்தால்தானே. அதுவும் போக, ஒரு வரியில் பதில் போட்டால் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி. நடுவில் தாவாதே.

செய்தி வந்த நேரம் ராத்திரி 2:40. அந்நேரத்தில் உனக்கு ஸ்டெபிலைசர் பார், இடது வலது சக்கரங்களைச் சேர்த்து வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிற அந்தக் கம்பி, ஞாபகம் வந்திருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மாதான் கேட்டாள்.

போன மாதம் நீ எழுதியிருந்தாய், வளைவுக்குள் நுழையும்போது வண்டி ஒழுங்காகத்தான் திரும்புகிறது, நடுவில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும்தான் மூக்கு வெளியே போகிறது என்று. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காலமெல்லாம் வண்டி ஓட்டியவர்கள்கூட என்னிடம் வந்து "வண்டி என்னமோ சரியில்லண்ணே" என்றுதான் சொல்வார்கள். வளைவில் எந்த இடத்தில், அப்போது கால் எதன்மேல் இருந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். நீ கேட்காமலேயே எழுதியிருக்கிறாய். டார்ச் பிடிக்கச் சொன்னால் என் கண்ணில் அடித்த பிள்ளை! அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "எவ்வளவு வேகத்துல போறாளாம்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

இப்போது கம்பிக்கு வருகிறேன். உன் வண்டியில் கம்பெனி போட்ட பின் பார் 20 எம்எம். 22 என்றால் வெறும் 2 எம்எம்தானே என்று தோன்றும். ஆனால் கெட்டிக் கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் படியாக ஏறும். 20-லிருந்து 22-க்குப் போனாலே 46 சதவீதம் கூடிவிடும். 24 போட்டால் இரண்டு மடங்கைத் தாண்டும். கணக்கில் நீ எனக்கு மேல், நீயே போட்டுப் பார். 24 பேச்சை இனி எடுக்காதே.

இன்னொன்று. கம்பி போட்டால் வண்டிக்குப் புதிதாகப் பிடிப்பு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. வராது. வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகிறது. எவ்வளவு போகும் என்பது வேகத்தையும் வளைவின் இறுக்கத்தையும் பொறுத்தது. வண்டியின் எடை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே அகலம் எவ்வளவு என்பதும் சேரும். எந்தக் கம்பியைப் போட்டாலும் அந்த மொத்தம் அநேகமாக அப்படியேதான் இருக்கும். முன்னால் எத்தனை பங்கு, பின்னால் எத்தனை பங்கு என்பதுதான் மாறும். பின் பார் விறைத்தால் பின்சக்கரங்கள் கூடுதல் பங்கை வாங்கிக்கொள்ளும், முன் டயர் இரண்டுக்கும் பாரம் சற்றுச் சமமாகக் கிடைக்கும், மூக்கு உள்ளே வரும். உன் வண்டியில் இழுப்பதும் முன் டயர், திருப்புவதும் முன் டயர், பிரேக்கில் பெரும்பாலும் முன் டயர், எடையிலும் 60 சதவீதத்தை ஒட்டி அங்கேதான். அதனால் இந்த வைத்தியம் பலிக்கும், மறுக்கவில்லை. 1976-ல் விற்பனைக்கு வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற படங்களைப் பார்த்திருப்பாய். பார்க்க அழகுதான்.

அந்த அழகுக்கு விலை பின் டயர் கொடுக்கிறது. காய்ந்த ரோட்டில் தெரியாது. ஈர ரோட்டில், வளைவின் நடுவில், எதையோ பார்த்துப் பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகும், வால் வெளியே வரும். மூக்கு வெளியே போகிற வண்டியில் பயந்து காலை எடுத்தால் வண்டி அடங்கும். வால் வெளியே வருகிற வண்டியில் அதே காலை எடுப்பதுதான் ஆபத்து. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை யோசிக்க அவகாசம் கிடைக்காது. பொதுவாகச் சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை. சித்தப்பா வண்டி விஷயம் உனக்கே தெரியும், நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே 22-ம் இப்போதைக்கு வேண்டாம். முதலில் டயர்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் இடது டயரில் வெளி விளிம்பு மழுங்கி, ரப்பர் இறகு இறகாகச் சுருண்டிருக்கிறது. உள் விளிம்பில் பட்டன் புதிதாக இருக்கிறது. வளைவில் டயர் நிமிர்ந்து நிற்காமல் வெளிப்பக்கமாகப் புரண்டு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். காற்று குறைவாக இருந்திருக்கலாம், கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும் அளவு, போதாமல் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். பக்கச்சுவரில் 2318 என்று நான்கு எண் தெரிகிறது. 2018-ல் 23-ஆம் வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தால் என்ன, ரப்பர் முற்றிவிட்டது. ரோட்டைத் தொடுவது ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ளங்கை அகலம் ரப்பர்தான் கயலு. நீ மேலே என்ன மாட்டினாலும் அந்த உள்ளங்கை வழியாகத்தான் ரோட்டுக்குப் போகவேண்டும். நல்ல டயர் நான்கு, ஒரே ரகமாகப் போடு. முன்னால் மட்டும் புதிது போட்டுவிட்டுப் பின்னால் பழையதை விடாதே, வால் விஷயம் மேலே சொல்லிவிட்டேன். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று வை. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்.

அடுத்து புஷ், மூட்டுகளில் இருக்கிற ரப்பர். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், கடையில் அதைக் காட்டிப் பெருமைப்பட முடியாது என்பதால். சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பின் புஷ் உன் படத்தில் பாதிதான் தெரிகிறது. அந்தப் பாதியிலேயே கருப்பு ரப்பரில் குறுக்கே ஒரு வெடிப்பு. பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் கொஞ்சம் ஒருபக்கம் நகர்கிறதா? மெதுவாகப் போய்ச் சட்டென்று நிறுத்தினால் "டொக்" என்று ஒரு சத்தம் வருகிறதா? வந்தால் அதுதான். ரப்பர் கிழிந்தால் ஆர்ம் முன்னும் பின்னும் ஆடும், நீ வைத்த அலைன்மென்ட் ஓட்டும்போது மாறிக்கொண்டே இருக்கும். அதன்மேல் விறைத்த கம்பியும் ஸ்பிரிங்கும் போட்டால் கிழிந்த ரப்பரை இன்னும் இழுத்துக் கிழிப்பாய்.

புது புஷ் போடும்போது நீ பக்கத்திலேயே நில். வண்டி லிஃப்டில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டை முழு இறுக்கம் இறுக்கக்கூடாது. கையால் பிடிக்கிற அளவு வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் நின்ற பிறகுதான் இறுக்கத்தை அளந்து வைக்கிற டார்க் ரெஞ்ச் போடவேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். வண்டி இறங்கியதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் முறுகி, புது ரப்பர் சீக்கிரமே கிழியும். மெக்கானிக் "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. என் பெண் என்று சொல்லாதே, சொன்னால் எனக்கு ஃபோன் செய்து சமாதானம் பேசுவார்கள்.

ஷாக் அப்சார்பர் இரண்டு பக்கமும் பார். எண்ணெய் கசிந்து தூசு பிடித்திருந்தால் போயிற்று. ஒன்று போனாலும் ஜோடியாக மாற்று. கம்பி, ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே. ஒன்றை மாற்று, தெரிந்த ரோட்டில் பகலில் ஓட்டு, என்ன ஆனது என்று எழுதி வை, பிறகு அடுத்தது. எல்லாம் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று கடவுளுக்கும் தெரியாது.

ஐந்தாவது படத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு பெட்டி, அதில் 40 எம்எம் என்று கொட்டை எழுத்து. வண்டியை அந்த அளவு தாழ்த்துகிற ஸ்பிரிங் வாங்கியே விட்டாய், அப்படித்தானே? என்னிடம் கேட்பது கம்பியை மட்டும்.

40 எம்எம் இறக்காதே. உன் வண்டி முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கிற அமைப்பு. அதிகம் இறக்கினால் லோயர் ஆர்மின் சக்கரப்பக்க நுனி மேலே ஏறி நிற்கும். அப்போது ரோல் சென்டர், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வண்டி இறங்கியதைவிட அதிகமாக இறங்கும். எடைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடுவதால் வண்டி சாய்வதற்கு நெம்புகோல் நீளும். தாழ்ந்த வண்டி சாயாது என்று நினைத்துச் செய்கிற வேலை, சாய்வதற்கு வழி செய்து கொடுக்கும். போதாததற்கு, ஸ்ட்ரட் போய்வர இடம் குறைந்துவிடும். வளைவில் ஏற்கெனவே அழுந்தி நிற்கிற சக்கரம் ஒரு மேட்டைப் பார்த்தால் பம்ப் ஸ்டாப்பில், ஸ்ட்ரட் மேலே போகாமல் தடுக்கிற ரப்பர் கட்டையில், போய் இடிக்கும். அந்த நொடியில் ஸ்பிரிங் கல்லாகும், டயர் வழுக்கும். இறக்கியே ஆகவேண்டும் என்றால் 20, 25-ல் நிறுத்து, அதற்குப் பொருத்தமான ஷாக்கோடு சேர்த்துப் போடு. போட்ட பின் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, கட்டாயம் மாறியிருக்கும், அலைன்மென்ட் பார். ஹெட்லைட் குறியும் மாறும், அதையும் சரிசெய். ராத்திரியில் ஓட்டுகிறவர்களுக்கு அது முக்கியம்.

அந்தப் பெட்டிமேல் தூசு படிந்திருக்கிறது, கயல். விரல் வைத்த தடம்கூட இல்லை. சீட்டும் முழுக்க முன்னால் தள்ளிக் கிடக்கிறது, முழங்கால் மடக்கி யாரும் உட்கார முடியாத அளவுக்கு. மாப்பிள்ளை நல்ல உயரம்.

ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க வண்டியில் வழக்கமாக எத்தனை பேர் என்று தெரிய வேண்டும், அதனால் கேட்கிறேன். நாளைக்கு நீ காயில்ஓவர், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பிரிங்-ஷாக், போட்டு நான்கு மூலை எடையும் பார்ப்பதாக இருந்தால், ஓட்டுகிறவரின் எடையை அவர் சீட்டில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். பக்கத்து சீட்டிலும் எடை வைக்கவேண்டுமா, வேண்டாமா? எது பதிலாக இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. அதற்குத் தக்கபடி வண்டியை அமைத்துக்கொள்ளலாம். பதில் தெரியாமல்தான் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அவரிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல். சொல்ல முடியாவிட்டால் விடு.

ஒரு வண்டியைப் படத்தில் பார்த்து எவ்வளவுதான் சொல்வது. இடுப்பு அந்த சீட்டில் உட்கார்ந்தால்தான் எனக்குப் புரியும். நான் வருகிறேன். டார்க் ரெஞ்சை நானே கொண்டுவருவேன், அங்கே இருப்பதை நம்ப மாட்டேன். அம்மாவும் வருகிறாள், முழங்காலோடு பின் சீட்டில் உட்காருவாளாம். பின்னால் ஆள் உட்கார்ந்தால் வண்டியின் குணம் மாறும், அதையும் பார்த்துவிடலாம். அதுவரை எதையும் கழற்றாதே. டயரை மட்டும் மாற்று. முதலில் டயர். எந்த வாரம் தோது என்று எழுது, பகலில் எழுது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பெட்டி வாங்கிவிட்டோமே என்று நீயே ஸ்பிரிங்கைக் கழற்ற உட்காராதே. ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் போட்டு அழுத்தாமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைத் தொட்டால் மேல்மூடி முகத்துக்கு வரும். அக்கம்பக்கத்தில் யாராவது தைரியம் சொல்வார்கள், கேட்காதே. சுருளை வெட்டிக் குட்டையாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் கேட்காதே. சக்கரம் தொங்கும்போது அது இருப்பிடத்தை விட்டு நழுவும். ஃபோனை எடு.