முன்வருவதில்லையாம் நாங்கள்!

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் பிளாக்செயின் என்ற கணினிப் பேரேடும் பெண்களும் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம். ஆனால் கடைசிப் பந்தியில், "மலையகப் பெண்கள் இத்தகைய வாய்ப்புகளுக்கு முன்வருவதில்லை" என்று ஒரு வரி. எழுதியவர் எந்தத் தோட்டத்துக்கு வந்து யாரைக் கேட்டாரோ தெரியாது. என்னைக் கேட்கவில்லை.

முன்வந்த கதையைச் சொல்கிறேன். கொழும்பில் பெண்களுக்கென்று ஒரு பிளாக்செயின் பயிற்சி நடப்பதாக உங்கள் பத்திரிகையில்தான் பார்த்தேன். பொகவந்தலாவையில் எங்கள் பக்கத்துக் கடைக்குப் பத்திரிகை வரும்போது பகல் பதினொரு மணி. விண்ணப்ப முடிவுத் திகதி அதே நாள். படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டும். பரவாயில்லை, நிரப்பத் தெரியும். எங்கள் டிவிசனில் டவர் கிடைப்பது கோயில் மேட்டில் மட்டுந்தான். மழைக்குள் ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். அடையாள அட்டையின் முன்பக்கம் ஏறிவிட்டது. பின்பக்கம் ஏறிக்கொண்டிருக்கும்போதே படிவத்தை மூடிவிட்டார்கள். கொரோனா காலத்தில் பாடசாலை மூடியபோது இதே மேட்டில் பிள்ளைகள் போனும் கையுமாக நின்றதைப் படம் பிடித்து, ‘கல்வித் தாகம்’ என்று தலைப்புப் போட்டீர்கள். தாகம் இன்னும் அதே மேட்டில்தான் நிற்கிறது.

படம் என்றதும் இன்னொன்று. கட்டுரையோடு கொழுந்துக் கூடை சுமந்த ஓர் அம்மா போனைப் பார்த்துச் சிரிக்கிற படம். கீழே ‘தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர்’. பக்கத்திலேயே கருத்தரங்கு மேடையில் ஐந்து கனவான்கள், ஐவருக்கும் பெயரும் பதவியும். அந்த அம்மாவுக்குப் பெயர் இல்லையா, கேட்க நேரம் இல்லையா?

எங்களுக்குப் பெயர் என்றால் சும்மா இல்லை, ஐயா. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கே ‘பேர்’ என்றுதான் சொல்வது. நாளுக்குப் பறிக்க வேண்டிய நோர்ம் கிலோ குறைந்தால் அரைப் பேர். என் அம்மா தினமும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுத்த கிலோவைக் கலண்டர் கட்டத்துக்குள் பென்சிலால் குறித்து வைப்பார். ஒரு மாதம் செக்ரோல் என்ற சம்பளப் புத்தகத்தில் இரண்டு பேர் குறைந்திருந்தது. கலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். "கலண்டருக்கு யாரு சம்பளம் குடுக்கிறது? புஸ்தகத்துல உள்ளதுதான் கணக்கு" என்று திருப்பி அனுப்பினார்கள். உங்கள் கட்டுரையாளர் புதுமை என்று வியக்கும் ‘மாற்ற முடியாத பேரேடு’ எங்களுக்குப் புதிதில்லை.

பிளாக்செயின் எப்படி வேலை செய்கிறதென்று தாங்கள் அறியாததல்ல. கணக்கைக் கட்டுக் கட்டாக (பிளாக்) எழுதுவார்கள். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் அதற்கு முந்தைய கட்டின் முத்திரை, அதாவது அந்தக் கட்டில் உள்ளதிலிருந்து கணக்கிட்ட ஓர் எண், இருக்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை குலைந்து களவு தெரிந்துவிடும். பிரதிகள் பலரிடம் இருப்பதால் ஒரு கணக்கப்பிள்ளையால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. இந்த யோசனையை ஹேபர், ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991-லேயே எழுதிவிட்டார்கள். பிறகு 1995 முதல் அந்த முத்திரையை வாராவாரம் நியூயோர்க் டைம்ஸில் சின்ன விளம்பரமாகப் போட்டு வந்தார்கள். அச்சிட்ட பத்திரிகையை யாராலும் திருத்த முடியாதே! பத்திரிகைக்காரரான தங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் முதலில் எழுதுகிறவர் பிழையாக எழுதினால்? அம்மாவின் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பதிவில் பெயரின் ஆங்கில எழுத்துகளோடு ஒரு ‘எச்’ கூடுதலாக விழுந்துவிட்டது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, அதனால் இருபது வருடம் அந்த ‘எச்’ நிம்மதியாக இருந்தது. பெண்கள் ஐம்பது வயதில் எடுக்கலாம் என்ற காசை, சத்தியக்கடதாசி முடித்து, பஸ் ஏறி இறங்கி, ஐம்பத்து மூன்றில்தான் எடுத்தார். 1948-ல் குடியுரிமைப் பதிவிலிருந்து எங்கள் ஆட்களை ஒரேயடியாக வெட்டியதைச் சரிசெய்ய 2003 வரை போனது, அதோடு பார்த்தால் மூன்று வருடம் என்ன பெரிது!

மாற்றவே முடியாது என்பதும் ஆளைப் பொறுத்தது போலிருக்கிறது. 2016-ல் எதீரியம் என்ற பிளாக்செயினில் ஓடிய ‘த டாவோ’ என்ற முதலீட்டுத் திட்டத்திலிருந்து 36 லட்சம் ஈதர் (எதீரியத்தின் காசு) களவு போனது. அடுத்த மாதமே எதீரியம்காரர்கள் பெரும்பான்மையாகச் சேர்ந்து சங்கிலியையே பிரித்துக் காசை மீட்டார்கள். ஒப்பாதவர்கள் பழைய சங்கிலியோடு போய்விட்டார்கள். பெரிய இடத்துக் காசென்றால் வழி பிறக்கிறது.

இதையெல்லாம் நான் எந்த மண்டபத்திலும் படிக்கவில்லை. தையல் கடையில் வேலை முடிந்து, டேட்டா கார்ட் போட்டு, கோயில் மேட்டில் இறக்கிய வீடியோக்களை லயத்தில் வந்து பார்த்துப் படித்தது. சொலிடிட்டி என்ற எதீரியம் நிரல்மொழியில் ஒரு சின்னக் கொழுந்துக் கணக்கு எழுதிப் பார்த்திருக்கிறேன். கங்காணியும் பறித்தவரும் இருவருமே ஒப்புக்கொண்டால்தான் கிலோ பதிவாகும். பயிற்சிக்கு எடுத்திருந்தால் அதைத்தான் காட்டியிருப்பேன்.

ஆனால் எங்கள் பெண்கள் ஒரு தடவை முன்வரத்தான் செய்தார்கள். டை கட்டிய ஒருவர் டவுனிலிருந்து வந்து ‘கொயின்’ என்ற கிரிப்டோ காசை வாங்கச் சொன்னார், தோடு அடகுக் கடைக்குப் போனது. கிரிப்டோ சட்டபூர்வ நாணயமில்லை என்று மத்திய வங்கி சொன்னதை உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தீர்கள். கடையில் வடை சுற்றிக் கொடுத்தபோது வாசித்தேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். பயிற்சி அறிவித்தல்களை முடிவுத் திகதிக்கு ஒரு வாரமாவது முந்திப் போடுங்கள். படிவம் தமிழில் உண்டா, இல்லையா என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். போன வருடம் இணையவழி மோசடி பற்றி எழுதியபோது ‘திரு.’ என்று போட்டீர்கள். கொம்பியூட்டர் பற்றி எழுதினால் ஆம்பிளையாகத்தான் இருக்கும் என்று நினைத்தீர்களாக்கும்.

இப்படிக்கு,
வாசகி,
பொகவந்தலாவை