டீன்களுக்கு ஒரு திறந்த மடல்: இரவில் லேபர் வார்டுக்கு ஓர் ஆள் கொடுங்கள்

மதிப்புக்குரிய டீன்களுக்கு,

வணக்கம். பெயர் பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு படிக்கிறேன். வார்டு நிலைமையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அங்கே இரவு டியூட்டி பார்த்தவர்கள்தான்.

போன மாதம் ஓர் இரவு, பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காத ஒரு தாயை மாவட்டத்திலிருந்து 108-ல் அனுப்பியிருந்தார்கள். கர்ப்பப்பையை இறுக வைக்கும் ஆக்சிடோசின் மருந்து போட்டும் அது இறுகவில்லை. ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்த, அசிஸ்டென்ட் புரொபசர் கர்ப்பப்பைக்குள் பலூன் வைக்கத் தயாரானார். இதையெல்லாம் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளலாம் என்றுதான் இந்தக் கல்லூரியில் சீட் எடுத்தேன். ஆனால் கிராஸ்மேட்ச், அதாவது ஏற்றப்போகும் ரத்தம் பொருந்துமா என்று பார்க்கும் சோதனைக்கான சாம்பிளைக் கொண்டுபோக ஆளில்லை. இருந்த ஒரே பணியாளர் வேறொரு நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். நான்தான் அடுத்த பிளாக்கில் இருக்கும் பிளட் பேங்குக்கு ஓடினேன். படிவத்தில் எங்கள் மருத்துவ யூனிட்டின் சீல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சீல் வாங்கிக்கொண்டு மறுபடி ஓடினேன். ரத்தப் பைகளோடு வந்து சேர்ந்தபோது பலூன் வைத்து முடிந்திருந்தது.

அந்தத் தாய் பிழைத்துவிட்டார். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் அவருடைய பிரஷரையும் பல்ஸையும் பார்த்திருக்க வேண்டிய ஒரு டாக்டர், அவ்வளவு நேரமும் கவுண்டர் வாசலில் நின்றிருந்தார். இது படிப்புக்கும் நஷ்டம், நோயாளிக்கும் நஷ்டம்.

மேற்படிப்பு விதிப்படி மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தேன். எங்கள் கல்லூரிக்கு வரும் சிக்கலான கேஸ்கள் அங்கே வராது. இத்தனை பேராசிரியர்களும் கிடையாது. ஆனால் சாம்பிளைக் கொண்டுபோக ஆள் இருந்தது. நான் நோயாளியின் பக்கத்தில் இருந்தேன். சீனியர் டாக்டர் அருகில் நின்று என் கையாலேயே செய்ய வைத்தார். அந்த மூன்று மாதத்தில் என் கைக்கு வந்த பழக்கம், இங்கே ஒரு வருடத்தில் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிகளில் பயிற்சி மருத்துவர்கள் நிறைய பேர் இருக்கிறோம். காலியாக இருக்கும் பணியாளர் இடத்தை நாங்கள் ஓடி நிரப்புகிறோம். அதனாலேயே அது காலி என்பது யார் கண்ணிலும் படுவதில்லை. தயவுசெய்து இரவில் ஒவ்வொரு லேபர் வார்டுக்கும், சாம்பிளுக்கும் ரத்தத்துக்கும் என்றே ஓர் ஆளைப் போடுங்கள்.

பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியான பணி சாதாரணமாக ஒரு நாளில் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 36 மணி நேர டியூட்டி இன்னமும் நடக்கிறது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப் கல்லூரித் தரவரிசையில் இடம் வந்தால் வாசலில் பேனர் கட்டுகிறோம். நடுராத்திரியில் வந்த தாய்க்கு ரத்தம் எத்தனை நிமிடத்தில் ஏறியது என்பதை எந்தத் தரவரிசை கேட்கிறது? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைத்துவிடலாம் என்று நகையை அடகு வைத்துக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

கோபத்தில் கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கும் ஒன்றைத்தான் கேட்கிறேன். இருக்கும் ஒப்பந்தப் பணியாளர்களின் ஷிப்டை மாற்றியாவது இரவில் லேபர் வார்டுக்கு ஓர் ஆள் கொடுங்கள். அதற்கும் ஆள் போதாது என்றால், காலியிடங்களின் கணக்கை அரசுக்கு எழுதுங்கள். என் போன்றவர்களைக் காட்டி அந்தக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முதுநிலை மருத்துவ மாணவி